மூட முடியாத குழாய்: ஈயக்குட்டைகளில் பீக்காக் பாஸ்

கிள்ளான் பள்ளத்தாக்கில் தூண்டிலோடு அலைகிறவர்களிடம் பீக்காக் பாஸ் என்று பேச்செடுத்தால் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒரு சாராருக்கு அது ராஜா. வெயில் ஏறிய நேரத்திலும் போலி இரையை அடிக்கும், கரையோரமாகவே கிடைக்கும், படகு வேண்டாம், காட்டுக்குள் போக வேண்டாம், பெட்டாலிங் ஜெயாவிலிருந்து அரை மணி நேரத்தில் ஒரு பழைய ஈயக்குட்டைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். இன்னொரு சாரார் ‘அந்த மீன் வந்ததிலிருந்து செபாராவும் இல்லை, விராலும் இல்லை’ என்று கசந்துகொள்வார்கள். 1990கள் முதல் பேராக், சிலாங்கூர் ஈயக்குட்டைகளில் இந்தத் தென்னமெரிக்க மீன் பரவியிருக்கிறது. அலங்கார மீன் தொட்டியிலிருந்து சில, வேட்டை ஆசையில் வாளியில் கொண்டுபோய் விட்டவை பல. இரு சாராரின் சண்டையும் ஒரே கேள்வியைச் சுற்றியே நடக்கிறது: ராஜா நம் மீனைத் தின்கிறதா இல்லையா? இது தவறான இடத்தில் நிற்கும் கேள்வி என்பதுதான் இந்தப் பதிவின் வாதம். ஒரு நீர்நிலையில் புதிய வேட்டை மீனை விடுவதற்கு முன் கேட்க வேண்டியது, நாளைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தால் நிறுத்த முடியுமா என்பது. அதற்குப் பதில் தெரிந்தால் மற்றக் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை தேடலாம். அந்தப் பதில் ‘முடியாது’ என்றால், விடை தேடுவதற்குள் காரியம் முடிந்துவிட்டிருக்கும்.

இதே சண்டை அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்திருக்கிறது. அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றது ஸ்ட்ரைப்ட் பாஸ், உடம்பில் கோடுகள் ஓடும் ஒரு கடல் மீன். முட்டையிட மட்டும் ஆற்றுக்குள் ஏறும். தென் கரோலினாவில் 1940களின் தொடக்கத்தில் சாண்டீ–கூப்பர் அணைகள் எழுந்தபோது சில மீன்கள் உள்ளே சிக்கிக்கொண்டன. கடலுக்குப் போகாமலே அவை பல்கிப் பெருகின. 1960களில் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைக்கும் நுட்பமும் கைகூடியதும், அமெரிக்காவின் தென் மாநிலங்கள் வரிசையாகத் தங்கள் நீர்த்தேக்கங்களில் இந்த மீனை விடத் தொடங்கின. அங்கே ஏற்கெனவே கோடிக்கணக்கானவர்கள் உயிராக நினைக்கும் லார்ஜ்மவுத் பாஸ் இருந்தது. அதன் எண்ணிக்கை எங்கே குறைந்தாலும் பழி புதிதாக வந்தவன்மேல் விழுந்தது. டென்னசியின் நாரிஸ் ஏரியில் ஸ்ட்ரைப்ட் பாஸ் விடுவதை நிறுத்தச் சொல்லித் தூண்டில்காரர்களே போராடினார்கள். மீன்வள ஆய்வாளர்கள் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் உள்ளே இருந்தது ஷாட் எனும் மத்தி போன்ற சிறு மீன். லார்ஜ்மவுத் பாஸ் அரிதாகத்தான் அகப்பட்டது. ஒன்று ஆழமான நடுத்தண்ணீரில் ஷாட் கூட்டத்தைத் துரத்துகிறது, மற்றது கரையோரக் கட்டைகளுக்கும் செடிகளுக்கும் இடையில் பதுங்கியிருக்கிறது. இரண்டும் மோதிக்கொள்ளும் இடம் குறைவு. ஷாட் பஞ்சமான ஏரிகளில் மட்டும் இருவர் வயிறும் காயும் ஆபத்து உண்டு. ஆக அமெரிக்க வழக்கில் தீர்ப்பு பெரும்பாலும் ஸ்ட்ரைப்ட் பாஸுக்குச் சாதகமாகவே வந்தது. நம்மூர் ராஜா ரசிகர்கள் இந்தத் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ‘பார்த்தீர்களா, எல்லாம் வீண் பயம்’ என்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பை முழுதாகப் படித்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஸ்ட்ரைப்ட் பாஸின் முட்டை பாதி மிதக்கும், பாதி மூழ்கும். பொரியும் வரை, ஏறத்தாழ இரண்டு நாட்களுக்கு, ஓடும் தண்ணீர் அதைத் தாங்கிக்கொண்டே போக வேண்டும். தேங்கிய ஏரியில் அடியில் படிந்து அழுகிவிடும். நீண்ட ஆறு வந்து சேராத நீர்த்தேக்கங்களில் அது பெருகுவதில்லை. அதனால் அந்த ஏரிகள் பெரும்பாலானவற்றில் ஆண்டுதோறும் அரசு பண்ணையிலிருந்து குஞ்சு கொண்டுவந்து விட்டால்தான் மீன் இருக்கும். விடுவதை நிறுத்தினால் சில ஆண்டுகளில் குறைந்து, கடைசித் தலைமுறை கிழடாகி ஒழியும். அதாவது அது ஒரு குழாய். திறந்தவர் மூடலாம். நாரிஸ் ஏரியில் சண்டை போட்டவர்களுக்குப் பேசுவதற்கு ஏதோ இருந்தது என்றால் இதனால்தான். எத்தனை குஞ்சு, எந்த ஆண்டு, எந்த ஏரி என்று பேரம் பேச முடிந்தது. இந்தக் கணக்கு பொய்த்த இடமும் உண்டு. கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணையால் உண்டான பவல் ஏரியில் 1968இல் ஷாட் மீனை விட்டார்கள். 1974இல் ஸ்ட்ரைப்ட் பாஸை விட்டார்கள். அது அங்கே பெருகாது என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏரியிலேயே இனப்பெருக்கம் தொடங்கிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் ஷாட் கூட்டம் சரிந்தது, எலும்பும் தோலுமான ஸ்ட்ரைப்ட் பாஸ் தூண்டிலில் ஏறின. பிறகு எத்தனை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள் என்று வரம்பையே எடுத்துவிட்டார்கள். அதே இனம்தான், ஆனால் இங்கே பெருகக் கற்றுக்கொண்டது. அதனால் இந்த ஏரியின் கதை வேறாகப் போயிற்று.

பீக்காக் பாஸுக்கு ஓடும் தண்ணீர் தேவையில்லை. தேங்கிய தண்ணீரில், கரையோரத்தில், கல்லையோ கட்டையையோ சுத்தம் செய்து முட்டையை ஒட்டிவைக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்து காவல் காக்கும். குஞ்சுகள் பொரிந்த பிறகும் வாரக்கணக்கில் கூடவே நீந்தி, கிட்டே வருகிறவனை விரட்டும். ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கான முட்டை, குளிர்காலமே இல்லாத நம் நாட்டில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. ஒரு குட்டைக்கு ஒரு ஜோடி போதும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்ட்ரைப்ட் பாஸும் லார்ஜ்மவுத் பாஸும் ஏரியைப் பங்கு போட்டுக்கொண்டது போல இங்கே நடக்க வழியில்லை. ஈயக்குட்டை ஆற்றால் உண்டானதல்ல, தோண்டி எடுத்த பள்ளம். பல குட்டைகளில் கரையிலிருந்து சில எட்டுகளிலேயே தரை சரேலென்று இறங்கிவிடும். ஒளி விழுந்து செடி முளைக்கும் ஆழமில்லாத பகுதி ஒரு குறுகிய வளையம் மட்டுமே. செலுவாங் போன்ற பொடி மீன்கள் ஒதுங்குவதும் அந்த வளையத்தில்தான், விரால் குஞ்சு வளர்ப்பதும் அங்கேதான், தோமான் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தை மேய்ப்பதும் அதை ஒட்டித்தான். ராஜா பகலில், கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். வண்டல் படிந்து தெளிந்துபோன பழைய குட்டைத் தண்ணீர் அதற்குத் தோதான வேட்டைக்களம். வேட்டையாடுவதும் கூடு கட்டுவதும் அதே குறுகிய வளையத்தில். அமெரிக்க நீர்த்தேக்கத்தில் ஆழம் பிரித்துவைத்த இரண்டு பேரை, இங்கே நாம் ஒரே திண்ணையில் உட்கார வைத்திருக்கிறோம்.

இதெல்லாம் ஊகம்தானே என்று கேட்கலாம். ஊகமாக இருந்தது 1973 வரை. பனாமா கால்வாய்க்காக 1913இல் நிரப்பப்பட்ட காட்டுன் ஏரிக்கு 1960களின் பிற்பகுதியில் பீக்காக் பாஸ் வந்தது, மேலே ஒரு குளத்திலிருந்து தப்பித்து. தாமஸ் ஸாரெட், ராபர்ட் பெய்ன் என்ற இரு சூழலியலாளர்கள் அது பரவப் பரவ ஏரியின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1973இல் சயின்ஸ் இதழில் அவர்கள் எழுதியது இன்றும் இந்தத் துறையில் மேற்கோள் காட்டப்படுகிறது. ஏரியில் முன்பு சகஜமாக இருந்த எட்டு மீன் இனங்களில் ஆறு மறைந்தன, ஏழாவது மிகவும் அருகிவிட்டது. எட்டாவது மட்டும் பெருகியது, அதன் குஞ்சுகளைத் தின்றுகொண்டிருந்த சிறு மீன்கள் தொலைந்துபோனதால். பொடி மீனை நம்பியிருந்த நீர்ப்பறவைகள் குறைந்தன. கொசுப்புழுவைத் தின்னும் மீன்கள் போனதால் கொசுக்களின் வகை மாறியதையும் அவர்கள் குறிப்பிட்டார்கள். (நம்மூர் டெங்கிக் கொசு குளத்தில் அல்ல, பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் முட்டையிடுகிறது. அதனால் இந்த வாதத்தை நான் பெட்டாலிங் ஜெயாவுக்கு நீட்டப் போவதில்லை.) ஏறத்தாழ 45 ஆண்டுகள் கழித்து வேறு ஆய்வாளர்கள் அதே ஏரியைத் திரும்பப் பார்த்தபோது பழைய மீன்கள் மீளவில்லை. பிரேசிலில் பரனபனேமா ஆற்றின் ரோசானா நீர்த்தேக்கத்தில் நடந்தது இன்னும் வேகமானது. பீக்காக் பாஸ் வந்து இரண்டே ஆண்டுகளில், நீர்ச்செடிகளுக்கிடையே வாழ்ந்த சிறு மீன்களின் அடர்த்தி 95 சதவீதமும் இனங்களின் எண்ணிக்கை 80 சதவீதமும் விழுந்தன என்று பெலிசிசே, அகொஸ்தின்யோ இருவரும் 2009இல் எழுதினார்கள். அது பிரேசிலிலேயே உள்ள மீன்தான் என்பதைக் கவனியுங்கள், வேறு ஆற்றுப் படுகையிலிருந்து வந்தது. சொந்த நாட்டுக்குள்ளேயே ஆறு மாறினால் இந்தக் கதி.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு தன் மிகப் பலமான சாட்சியைக் கொண்டுவரும்: புளோரிடா. 1984இல் மயாமி வட்டாரத்துக் கால்வாய்களில் மாநில அரசே பீக்காக் பாஸை விட்டது, பெருகிப்போன ஆப்பிரிக்கத் திலாப்பியாவைக் கட்டுப்படுத்த. அங்கே லார்ஜ்மவுத் பாஸ் அழியவில்லை. இரண்டும் சேர்ந்தே வாழ்கின்றன, தூண்டில்காரர்கள் செலவழிக்கும் பணம் ஊருக்கு வருகிறது. நம் குட்டைகளிலும் திலாப்பியாதானே மண்டிக் கிடக்கிறது, ராஜா அதைத் தின்னட்டுமே? இது நியாயமான கேள்வி. புளோரிடாவில் திட்டம் தோற்றது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே ஒரு வேலி இருந்தது, அது குளிர். தண்ணீர் சுமார் 15 டிகிரிக்குக் கீழே போனால் இந்த மீன் செத்துவிடும். தெற்குப் புளோரிடாவைத் தாண்டி அது வடக்கே ஏற முடியாது என்பதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து தெரிந்துகொண்ட பிறகே விட்டார்கள். கடும் குளிர் வந்த ஆண்டுகளில் அங்கேயும் கூட்டம் கூட்டமாகச் செத்திருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அதிகாலையில் காற்று 22, 23 டிகிரிக்குக் கீழே போவதே அபூர்வம். நமக்கு அந்த வேலி கிடையாது. புளோரிடாவின் கால்வாய்களும் மனிதன் வெட்டியவைதான், அவற்றில் ஏற்கெனவே வெளிநாட்டு மீன்களே ஆதிக்கம். இங்கே ஒரு குட்டைக்கும் ஆற்றுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். திலாப்பியா விஷயமும் நினைப்பது போல எளிதல்ல. ஜப்பானியர் காலத்தில் ஜாவாவிலிருந்து வந்த அந்த மீன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கிறது, வேகமாக வளர்ந்து ராஜாவின் வாய்க்கு அடங்காத பருமனை எட்டிவிடுகிறது. தின்னப்படும் குஞ்சுக்கு ஈடாக இன்னொரு ஈடு முட்டை எப்போதும் தயார். மெலிந்த உடல் கொண்ட உள்ளூர்ப் பொடி மீனுக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டும் கலந்திருக்கும் தண்ணீரில் முதலில் தீர்ந்துபோவது எது என்று கணிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

அடுத்த ஆட்சேபம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. ‘ஈயக்குட்டை என்ன தாமன் நெகாராவா? சுரங்கக்காரன் விட்டுப்போன பள்ளம். அங்கே காப்பாற்ற என்ன இருக்கிறது?’ உண்மைதான், 1980களின் நடுவில் ஈயத்தின் விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்டபோது கிந்தாப் பள்ளத்தாக்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் மிஞ்சியவை இந்தப் பள்ளங்கள். சன்வே நகரம் நிற்பது பழைய சுரங்க நிலத்தில், செரி கெம்பாங்கானின் மைன்ஸ் ஏரி ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச்சுரங்கங்களில் ஒன்று, கிளானா ஜெயா பூங்காவின் குளங்களும் அந்த வழி வந்தவையே. மீன்களைப் பொறுத்தவரை இவை எல்லாமே புதிய குடியிருப்புகள். ஆனால் குடியேறியவர்கள் யார்? ஆற்றுச் சதுப்பும் வெள்ளச் சமவெளியும் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய நகரத்தில், விராலுக்கும் செப்பாட்டுக்கும் பெத்தோக்குக்கும் தேங்கிய தண்ணீர் என்று மிச்சமிருப்பது பெரும்பாலும் இவைதான். சுரங்கக்காரன் தோண்டினான் என்பதற்காக அங்கே வாழும் விரால் செயற்கை விரால் ஆகிவிடாது. இரண்டாவது, இவை தனித்தீவுகள் என்ற நினைப்பு. நகரத்துக் குட்டைகள் பல இன்று வெள்ள நீரைத் தாங்கும் தேக்கங்களாகவே பராமரிக்கப்படுகின்றன. பத்து, ஜிஞ்சாங் குளங்களும் கோலாலம்பூரின் வெள்ளத் தடுப்பின் அங்கம். மழை வடிகால் குளத்துக்குள் வருகிறது, குளம் வடிகால் வழியே ஆற்றுக்குப் போகிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கூரை வரை ஏறிய தண்ணீர் எந்தக் குட்டைக் கரையைப் பார்த்து நின்றது? பெஸ்தாரி ஜெயா பக்கத்துப் பழைய சுரங்கக் குட்டைகளிலிருந்து வழியும் நீர் சிலாங்கூர் ஆற்றுக்குப் போகிறது. அந்த ஆற்றின் தண்ணீரைத்தான் சுத்திகரித்து நாம் குடிக்கிறோம். குட்டையில் விட்டேன், ஆற்றில் விடவில்லை என்று சொல்கிறவர் இந்நாட்டில் ஒரு மழைக்காலத்தைக்கூடப் பார்க்காதவராக இருக்க வேண்டும்.

‘தோமான் மட்டும் யோக்கியமா?’ என்பதும் அடிக்கடி கேட்கும் குரல். தோமான் பத்து கிலோவைத் தாண்டும் மூர்க்கன், கண்ணில் படுவதையெல்லாம் விழுங்கும். ஆனால் நம் ஆறுகளின் சிறு மீன்கள் தோமானோடும் செபாராவோடும் சேர்ந்தே தலைமுறை தலைமுறையாக வந்தவை. எங்கே ஒளிவது, எப்போது வெளியே வருவது என்பதெல்லாம் அந்த உறவில் தீர்மானமானது. ராஜா அந்தக் கணக்கில் இல்லாத ஆள். பெரிய தோமானை ராஜா ஒன்றும் செய்யாது, தோமானும் ராஜாவும் ஒரே குட்டையில் தூண்டிலில் ஏறுவது சகஜம் என்பதும் சரி. வேட்டைக்காரர்கள் இருவரும் உயிரோடு இருப்பது, இரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்குச் சான்றாகாது. பவல் ஏரியில் ஷாட் சரிந்த பிறகும் மெலிந்த பாஸ் கூட்டம் தூண்டிலில் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு நீர்நிலை நலமாக இருக்கிறது என்பதற்குத் தூண்டில்காரரின் மகிழ்ச்சியை அளவுகோலாக வைக்க முடியாது என்று நான் நினைக்கிறேன். அதற்குக் காவிரியைவிட நல்ல சான்று கிடையாது. காவிரியின் கூன்முதுகு மாசீர் நம் கெலா மீனின் இனத்தான். 1946இல் கபினி ஆற்றில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு எடை, உலகம் முழுவதும் வேட்டையாளர் பேசிய மீன். 1970களில் மாசீர் குறைகிறதே என்ற உண்மையான அக்கறையில், லோனாவ்லாவில் டாடா நிறுவனத்தின் குஞ்சுப் பண்ணையில் வளர்ந்த வேறொரு மாசீர் இனம், நீலத்துடுப்பு மாசீர், காவிரியில் விடப்பட்டது. விட்டவர்கள் வில்லன்கள் அல்லர், ஆற்றைக் காக்க நினைத்தவர்கள். கர்நாடகத்தின் காலிபோர் முகாமில் பிடித்துத் திருப்பிவிட்ட மீன்களின் பதிவேட்டை, 1998 முதல் 2012 வரை, ஆய்வாளர்கள் பிறகு அலசினார்கள். தூண்டிலில் ஏறும் மாசீரின் எண்ணிக்கை ஏறியிருந்தது. பார்க்கிறவருக்கு ஆறு செழிக்கிறது. பிரித்துப் பார்த்தால் ஏறியது நீலத்துடுப்பு மட்டும். கூன்முதுகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது, பிடிபட்டவையோ மேலும் மேலும் பெரியவை. இளம் மீன்கள் வரவில்லை, கிழ மீன்கள் மட்டும் மிச்சம் என்று அதற்கு அர்த்தம். அணைகள், மணல் அள்ளல், வெடி வைத்துப் பிடிப்பது என்று காவிரிக்கு வேறு நோய்களும் உண்டு, எல்லாப் பழியையும் ஒரு மீன்மேல் போடுவது சரியல்ல. ஆனால் ஒன்று மட்டும் மறுக்க முடியாது. நிறைய மீன் பிடிபடுகிறது என்ற சந்தோஷம், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு மீன் போய்க்கொண்டிருப்பதைப் பல ஆண்டுகள் கண்ணில் படாமல் மறைத்தது. 2018இல்தான் அதற்கு அறிவியல் பெயர் எதுவென்றே உறுதியானது, டோர் ரெமாதேவியே என்று. இன்று அது மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

பிடித்துத் தீர்த்துவிடலாமே என்பார்கள் சிலர். ருசியான மீன்தான், வெள்ளைச் சதை, முள் குறைவு, பனாமாவில் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். அப்படி விரும்பிச் சாப்பிட்டும் காட்டுன் ஏரியில் அது குறையவில்லை. நம்மூரில் இன்னொரு முரண்பாடும் இருக்கிறது. ராஜாவைத் தேடிப் போகிறவர்களில் பலர் பிடித்த மீனைத் தடவிக்கொடுத்துப் படமெடுத்துத் தண்ணீரில் விடும் நாகரிகத்தைச் சேர்ந்தவர்கள். கெலாவுக்கும் செபாராவுக்கும் அந்த நாகரிகம் மிக அவசியம். ராஜாவுக்கு அதைக் காட்டுவது, வந்தவனை வாழவைக்கும் ஏற்பாடு. சிலாங்கூரில் ஆற்றில் இறங்கி பண்டாராயா எனும் தொட்டி மீனை டன் கணக்கில் அள்ளும் தன்னார்வலர்களைப் பார்த்தால் மரியாதை வருகிறது, கூடவே ஒரு கணக்கும் புரிகிறது. அள்ளுகிறார்கள், அள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மீன் தொட்டியைக் கழுவச் சோம்பல்பட்ட யாரோ ஒருவர் ஒரு நாள் செய்ததற்கு, யாரோ பலர் ஆயுள் முழுக்க உழைக்கிறார்கள்.

அப்படியானால் குட்டைகளில் எதையும் விடவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. நகரத்தில் இருக்கிறவனுக்கும் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட ஒரு தண்ணீர் வேண்டும். தெமெங்கோர், கென்யீர் ஏரிகளுக்கு எல்லாராலும் போக முடியாது. கட்டணக் குளங்கள் பாக்கெட்டைக் கடிக்கின்றன. ராஜாவுக்கு இவ்வளவு ரசிகர் சேர்ந்ததற்குக் காரணமே, பொதுத் தண்ணீரில் வேறு யாரும் எதையும் தரவில்லை என்பதுதான். அந்த ஆசையை அலட்சியம் செய்துவிட்டுச் சட்டத்தை மட்டும் காட்டினால், இரவில் வாளியோடு வருகிறவரை எந்த அதிகாரியாலும் தடுக்க முடியாது. உயிர் மீனை நாட்டுக்குள் கொண்டுவருவது 1985 மீன்வளச் சட்டத்தின் கீழ் கூட்டரசின் பார்வையில் இருக்கிறது. ஆற்று மீன்பிடி அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் வருகிறது. பூங்காக் குளமோ மாநகர் மன்றத்தின் பொறுப்பு. மூன்று கைகளுக்கு நடுவில் வாளி நழுவிப் போகிறது.

என் யோசனை ஆஸ்திரேலியாவில் ஏற்கெனவே செய்து பார்த்த ஒன்று. குவீன்ஸ்லாந்தில் 1985 முதல் டினாரூ ஏரியிலும் பிறகு பல நீர்த்தேக்கங்களிலும் பாராமுண்டியை விடுகிறார்கள். பாராமுண்டி என்பது நம் சியாக்காப், தமிழ்நாட்டில் கொடுவா. கடலோர உப்புத்தண்ணீரில்தான் முட்டையிடும். நன்னீர்க் குளத்தில் எத்தனை கொழுத்தாலும் பெருகாது. அப்படி அடைபட்டு வளர்ந்தவற்றில் ஒன்றுதான் 2010இல் மண்டூரன் ஏரியில் 44 கிலோவைத் தாண்டி உலகச் சாதனை படைத்தது. சண்டை போடுவதில் ராஜாவுக்குச் சளைத்ததில்லை, தண்ணீருக்கு மேலே எகிறிக் குதிப்பதில் ஒரு படி மேல். இது நம் சொந்த மீன், கிள்ளானுக்கு எதிரே பூலாவ் கெத்தாமில் கூண்டுகளில் வளர்க்கிறார்கள், குஞ்சுக்குப் பஞ்சமில்லை. அதுவும் வேட்டை மீன்தானே, பொடி மீனைத் தின்னாதா? தின்னும். குட்டையில் எத்தனை விட வேண்டும் என்று இரையின் அளவைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும், சில குட்டைகளில் ஒன்றுகூட விடக் கூடாது என்றும் முடிவாகலாம். ஆனால் தவறு என்று தெரிந்தால் அடுத்த ஆண்டு விடாமல் இருக்கலாம். குழாய் நம் கையில் இருக்கும். வெள்ளத்தில் தப்பித்தாலும் அது போய்ச் சேரும் இடம் கிள்ளான் ஆற்றின் கழிமுகம், அதாவது அதன் பிறந்த வீடு. பண்ணை மீனிலிருந்து நோய் பரவும், கலப்பு ஏற்படும் என்ற கவலைக்கு உள்ளூர்த் தாய் மீனிலிருந்து குஞ்சு எடுப்பதும் விடுவதற்கு முன் சோதிப்பதும் ஓரளவு பதில். ஆண்டுதோறும் செலவாகுமே என்பது உண்மையான தடை. அதற்கு ஒரு சிறிய அனுமதிக் கட்டணம் வாங்கலாம். கட்டணக் குளத்தில் சில மணி நேரத்துக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக ஒரு மாதத்துக்கு வாங்கினாலும் போதும் என்றே தோன்றுகிறது.

ஏற்கெனவே ராஜா குடியேறிவிட்ட குட்டைகளில் இது அதை விரட்டாது, விரட்டும் என்று நான் வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். அங்கே பிடித்ததைத் திருப்பி விடாதீர்கள் என்ற பலகை ஒன்றும், கரை உடையும் இடங்களில் வடிகாலுக்கு வலையும் வைப்பதே செய்யக்கூடியது. இன்னும் ராஜா வராத குட்டைகள் எவை என்று மீன்வள இலாகாவும் மாநகர் மன்றமும் முதலில் ஒரு பட்டியல் எடுக்கட்டும். சியாக்காப் விடுவதா, பாவோங் கெளுத்தி விடுவதா, சும்மா விடுவதா என்ற பேச்சை அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தொடங்கலாம்.